ஏழாவது ஓட்டம்

அந்த வாரம் முழுக்க ஒரு கார் அக்காவின் உயிரை எடுத்தது. சாதுவான கார் இல்லை. மலைப்பாதைப் பந்தயத்துக்காகப் பழைய உடம்புக்குள் புது இன்ஜினைக் கோத்து வைத்து, அதற்குள் காற்றை அழுத்தித் திணிக்கப் பெரிய டர்போ ஒன்றையும் மாட்டிவிட்ட கார். பட்டறையின் பின்கட்டில் தரையோடு தரையாகப் பதித்த உருளைகள் உண்டு. காரை அவற்றின் மேல் ஏற்றிக் கட்டிப்போட்டால், நின்ற இடத்திலேயே எந்த வேகத்திலும் ஓடும். போன சனிக்கிழமை இந்தக் காரை அதில் ஏற்றி மிதித்தார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் குழாய் நான்கும் செக்கச் சிவந்துவிட்டன. திரையில் வெப்பம் தொள்ளாயிரத்து எண்பது டிகிரி. தொள்ளாயிரத்தைத் தாண்டினாலே அக்காவின் கணக்கில் ஆபத்து.

"நிறுத்துடா," என்றாள் தம்பியிடம். "இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டா டர்போ உருகி என் கால்ல விழும்."

அக்கா என்றால் அவனுக்கு மட்டும் அக்கா இல்லை. முன்பக்கத்து டயர் கடைக்காரர், பார்சல் கொண்டு வருகிறவர், அவளைவிடப் பத்து வயது மூத்த லேத் கடைசல்காரர் எல்லோருக்கும் அவள் அக்காதான். இன்ஜினைப் பிரிப்பதும் கோப்பதும் அவள் வேலை. தம்பி லேப்டாப்காரன். பெட்ரோல் எவ்வளவு பீய்ச்ச வேண்டும், பிளக்கில் பொறி எந்த நொடியில் விழ வேண்டும் என்று காரின் கணினிக்குள் எண்களைப் போடுவது அவன் வேலை. பதினோரு வருடக் கூட்டு. அவன் லேப்டாப்பை இவள் தொடமாட்டாள், இவள் ஸ்பேனரை அவன் தொடமாட்டான். ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் சரிபார்ப்பது அந்தப் பட்டறையில் கெட்ட வார்த்தை மாதிரி. கேட்டால் நம்பிக்கை என்பார்கள். நல்ல நம்பிக்கை, போங்கள்.

இந்தக் காரில் அக்காவுக்கு இன்னொன்றும் மாட்டிக்கொண்டிருந்தது. நான்கு மாதத்துக்கு முன்னால் அவளுடைய வலது மணிக்கட்டில் ஆபரேஷன் ஆனது. நரம்பு அழுந்திப்போய்க் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துவிட்டன. கத்தி வைத்த பிறகும் முழு உணர்வு திரும்பவில்லை. போல்ட் கடைசிச் சுற்றில் இறுகும்போது விரலுக்கு ஒரு சேதி வரும், அது இப்போது வருவதே இல்லை. அதற்குப் பின்னால் அவள் கோத்த முதல் இன்ஜின் இதுதான். இது ஒழுங்காக ஓடினால் கை பிழைத்தது. ஓடாவிட்டால் இருபத்திரண்டு வருடமாகத் தெரிந்த ஒரே வேலை கையை விட்டுப் போனது. இதை அவள் வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தாள், தம்பியிடமும் சொல்லியிருந்தாள். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

காரின் சொந்தக்காரி ஒரு பல் டாக்டர். வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் வாய்க்குள் தலையை விடுவார், ஏழாம் நாள் மலை மேல் கார் ஓட்டுவார். மறு ஞாயிற்றுக்கிழமை பந்தயம். போனில் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "காருக்கு ஜுரமா? வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்க, நான் பாக்கறேன்," என்று சிரித்தார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமை தேட ஆரம்பித்தாள். பெட்ரோல் போதாமல் எரிந்தால் சூடு ஏறும் என்று பம்பின் அழுத்தத்தைப் பார்த்தாள். சரியாக இருந்தது. பெட்ரோல் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர்களையும் கழற்றி, நான்கு கண்ணாடிக் குவளைகளில் பீய்ச்ச விட்டு அளந்தாள். மயிரிழை வித்தியாசம் இல்லை. காற்று போகும் குழாயில் எங்காவது கசிகிறதா என்று புகையடித்துப் பார்த்தாள். ஒரு பொட்டுப் புகை வெளியே வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் பிறகு காரை உருளைமேல் ஓட்டினார்கள். ஒவ்வொரு முறையும் அதே தொள்ளாயிரத்து எண்பது, சனியன். அதோடு வண்டியிடம் ஒரு சோம்பேறித்தனம் வேறு. மிதித்தால் பாய வேண்டிய இன்ஜின், மதியச் சாப்பாடு முடிந்தவன் மாதிரி எழுந்து வந்தது.

செவ்வாய்க்கிழமை பகல் அவளுக்குக் கைப் பயிற்சி. ஆஸ்பத்திரியில் இளஞ்சூடான மெழுகில் கையை முக்கி வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார வேண்டும். திரும்பி வந்ததும் தம்பி இன்னொரு முறை ஓட்டிக் காட்டினான். தொள்ளாயிரத்து எண்பத்தைந்து. திரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காத. டைமிங் பெல்ட் ஒரு பல் தள்ளி உக்காந்திருக்குமோ?"

"ரெண்டு தடவை பார்த்துத்தானே மாட்டினேன்."

"பார்த்த, சரி. ஆனா அந்த விரலை வெச்சுக்கிட்டு மாட்டினியே. இழுவை தெரிஞ்சிருக்குமா என்ன?"

வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை அந்தப் பல்வைத்த பெல்ட்தான் பிடித்து வைத்திருக்கும், ஒரு பல் தள்ளினாலும் எல்லாம் பிசகும். அந்தச் சந்தேகம் அக்காவின் மனசுக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததுதான். அதைத் தம்பி வாயால் கேட்டதும் ஆள்காட்டி விரலைக் கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தாள்.

புதன்கிழமை இன்ஜினின் முன்பக்கம் முழுவதையும் பிரித்தாள். இடது கையாலேயே பாதி வேலை. தம்பி பக்கத்திலேயே நின்றான், பாவம், விளக்குப் பிடித்தான், டீ வாங்கி வந்து கொடுத்தான், சாயங்காலம் அவள் மணிக்கட்டு வீங்கியதும் ஐஸ் வைத்துக் கட்டிவிட்டான். பெல்ட் ஒரு பல்கூடத் தள்ளியில்லை. குறிகள் மூன்றும் நேருக்கு நேர் நின்றன. "இப்ப சரியா இருக்கு, பிரிக்கும்போது நகர்ந்திருக்கலாம் இல்லையா," என்றான் தம்பி. அதற்கு அவளால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. திரும்ப மாட்டினாள். வியாழக்கிழமை டாக்டரே வந்து லேப்டாப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, உருளைமேல் ஓட்டினார்கள். குழாய் மறுபடி சிவந்தது.

டாக்டர் கோபப்படவில்லை. "சனிக்கிழமை நாலு மணிக்கு வரேன். அதுக்குள்ள ஆகலைன்னா பந்தயத்தை விட்டுடறேன், பரவால்ல," என்றார். அந்தப் பரவாயில்லை அக்காவை அறைந்தது மாதிரி இருந்தது.

அன்று வீட்டில் சாப்பிட்ட தட்டைக் கழுவும்போது கண்ணாடி டம்ளர் ஒன்று அவள் கையிலிருந்து நழுவி உடைந்தது. அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். துடைப்பத்தை எடுத்து வந்து கூட்டினார்.

"விட்டுடறேன்ங்க," என்றாள் அக்கா. "இன்ஜின் தலையைப் பிரிச்சு வால்வெல்லாம் ஒருதடவை பார்த்துடறேன். அதோட சரி. இனிமே இன்ஜின் கோக்கலை. கை போச்சு."

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? கார் சொல்லுது."

அப்போதே தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். அவன், "உன் இஷ்டம்க்கா. உதிரிபாகம் விக்கற பக்கம் உக்காந்து பாத்துக்கோ. கோக்கறதுக்கு நான் ஆள் பாக்கறேன்," என்றான். ஒரு தடவையாவது வேண்டாம் என்று சொல்வான் என்று எதிர்பார்த்திருந்தாள். அவன் சொல்லவில்லை. நம்மைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று நினைக்கிறான் போல என்று தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். அவள் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை இன்ஜினின் தலையைக் கழற்றினாள். பதினாறு வால்வுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. சனிக்கிழமை மதியத்துக்குள் திரும்பக் கோத்து முடித்தாள். தம்பி லேப்டாப்பைச் சொருகி எண்கள் ஓடும் திரையைத் திறந்து வைத்துவிட்டு, "சும்மா மெதுவா ஓடவிட்டு சூடாக்கி வை. நான் வீட்டுக்குப் போய் சாப்பிட்டு வந்து ஒருதடவை பாத்துடறேன், அப்புறம் டாக்டர் வரட்டும்," என்று கிளம்பினான்.

இன்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு டயரின் மேல் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். சோறு இறங்கவில்லை. இதுதான் கடைசி என்று ஆன பிறகு, கொஞ்சம் நிதானமாக யோசிக்க முடிந்தது. நான்கு குழாய்களும் ஒரே மாதிரி சுடுகின்றன. மரத்த விரல் தப்புப் பண்ணினால் ஒரு இடத்தில் பண்ணும், இரண்டு இடத்தில் பண்ணும். நான்கிலும் அளவெடுத்த மாதிரி ஒரே தப்பை எப்படிப் பண்ணும்? நான்குக்கும் பொதுவானது பெல்ட். அது சரி என்று கண்ணால் பார்த்தாகிவிட்டது. வேறு என்ன பொது? பொறி விழும் நேரம்.

டப்பாவை மூடினாள். பொறி தாமதமாக விழுந்தால் நெருப்பும் தாமதமாகத்தான் பிடிக்கும். அடுப்பில் எரிய வேண்டியது புகைபோக்கியில் போய் எரியும். குழாய் சிவக்கும், வண்டி சோம்பும். ஒரு வாரமாக அந்தக் கார் கண்ணில் விரலை விட்டு ஆட்டிக்கொண்டிருந்தது இதைத்தான். ஆனால் அது தம்பி போட்ட எண், தம்பி பார்த்துவிட்டேன் என்று சொன்ன எண். அதனால் அவளுக்கு அந்தப் பக்கம் திரும்பவே தோன்றவில்லை.

லேப்டாப் தெரியாவிட்டால் என்ன, விளக்கு தெரியுமே. பொறி விழும்போதெல்லாம் மின்னுகிற டைமிங் விளக்கு. அதை இன்ஜின் முன்னாலுள்ள சுழலும் கப்பியில் அடித்தால், பொறி எந்த இடத்தில் விழுகிறது என்று கப்பி நின்றது போலக் காட்டும். இந்த ஒன்றை மட்டும் எப்போதும் இரண்டு பேரும் சேர்ந்துதான் பார்ப்பார்கள். அவள் கப்பியில் நாடா வைத்து அளந்து வெள்ளைக்கோடு போடுவாள், அவள் விளக்கடிக்க, அவன் எண்ணைச் சரிசெய்வான். இந்தத் தடவை அவள் கைப் பயிற்சிக்குப் போயிருந்ததால் அவன் தனியாகப் பார்த்தான். தம்பியின் இழுப்பறையைத் திறந்து விளக்கை எடுத்தாள். அதன் முதுகில் எண்கள் போட்ட ஒரு திருகி உண்டு. கோடு போடச் சோம்பல்படுகிறவர்கள் அதைத் திருப்பிக் கணக்குப் பண்ணிக்கொள்வார்கள். அந்தத் திருகி இருபதில் நின்றது.

"அட பாவி," என்றாள் அக்கா.

இந்தக் காரில் பிளக் ஒவ்வொரு எரிப்புக்கும் இரண்டு தடவை பொறி விடும். ஒன்று வேலைக்கு, ஒன்று வீணுக்கு. அந்த விளக்கு அதை அறியாது, ஒரு தடவைதான் என்று நினைத்துக்கொள்ளும். அதனால் திருகியில் இருபது வைத்தால் உண்மையில் பத்துதான். திருகியை நம்பி வைத்தவன் பொறியைப் பத்து டிகிரி தாமதமாக வைத்துவிட்டு, சரியாக வைத்தோம் என்று நிம்மதியாகத் தூங்குவான்.

இன்ஜினை நிறுத்தினாள். கப்பியைச் சுற்றி நாடா வைத்து அளந்து தானே கோடுகள் போட்டாள். திருகியைப் பூஜ்யத்துக்குத் திருப்பினாள். இன்ஜினைக் கிளப்பி விளக்கை அடித்தாள். லேப்டாப் திரையில் பதினைந்து டிகிரி. கப்பியில் ஐந்து. மூன்று தடவை பார்த்தாள், மூன்று தடவையும் ஐந்துதான்.

அவள் சத்தமாகச் சிரித்தாள். தனியாக நின்று, பட்டறை நடுவில், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். கை போகவில்லை. முதல் தடவையே சரியாகத்தான் கோத்திருந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், தம்பிமேல் அவளுக்கு அப்போது துளிக் கோபமில்லை. தப்பு யாருக்குத்தான் நேராது? வரட்டும், காதைத் திருகி, ஒரு வருஷத்துக்கு இதைச் சொல்லியே ஓட்ட வேண்டும் என்றுதான் நினைத்தாள்.

அந்தக் குஷியில்தான், கேலி பண்ணுவதற்கு ஆதாரமாக இருக்கட்டும் என்று, பழைய ஓட்டங்களின் தாளை அச்செடுக்கப் போனாள். உருளைகளுக்கென்று ஒரு தனிக் கணினி உண்டு. அது ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தானாகவே ஒரு எண் கொடுத்து, நாளும் நேரமும் போட்டு வைத்துக்கொள்ளும். சனிக்கிழமை மூன்று. திங்கட்கிழமை மூன்று. செவ்வாய்க்கிழமை ஒன்று, வியாழக்கிழமை ஒன்று. ஆக எட்டு இருக்க வேண்டும். பட்டியலில் ஒன்பது இருந்தது.

ஏழாவது ஓட்டம். செவ்வாய்க்கிழமை, பகல் ஒன்று பத்து. வெப்பம் எண்ணூற்று அறுபத்தைந்து.

அவள் அதை மறுபடி படித்தாள். ஒன்று பத்துக்கு அவள் கை மெழுகில் இருந்தது. எட்டாவது ஓட்டம், அதே நாள் மூன்று மணி, அவள் கண்ணெதிரே ஓட்டிக் காட்டியது, தொள்ளாயிரத்து எண்பத்தைந்து. இரண்டுக்கும் நடுவில் அந்தக் காரை யாரும் ஸ்பேனரால் தொடவில்லை. மாறக்கூடியது ஒன்றே ஒன்றுதான், லேப்டாப்பில் இருக்கும் எண். அவன் கண்டுபிடித்து, சரிசெய்து, ஓட்டிப் பார்த்து, சரியாகிவிட்டது என்று தெரிந்துகொண்டு, பழைய தப்பு எண்ணைத் திரும்பப் போட்டு வைத்திருக்கிறான். அதற்குப் பிறகுதான் பெல்ட் ஒரு பல் தள்ளியிருக்குமோ என்று கேட்டிருக்கிறான்.

அக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். ஐஸ் வைத்துக் கட்டிவிட்டானே என்பதுதான் திரும்பத் திரும்ப ஓடியது. பொய் சொல்கிறவன் பொய்யோடு நிறுத்தியிருக்கக் கூடாதா? வீங்கின கையைப் பிடித்து ஐஸ் வைக்க அவனுக்கு எப்படி மனசு வந்தது?

தம்பி பல்லைக் குத்திக்கொண்டே உள்ளே வந்தான். கப்பியில் வெள்ளைக்கோடு, மேஜையில் விளக்கு, திரையில் ஏழாவது ஓட்டம். மூன்றையும் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றான்.

"செவ்வாக்கிழமையே தெரியுமா?" என்றாள்.

அவன் மென்று விழுங்கினான். "திங்கக்கிழமை ராத்திரியே சந்தேகம். செவ்வாக்கிழமை பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"திங்கக்கிழமையே டாக்டர்கிட்ட போன்ல கோக்கறதுல ஏதோ தப்புன்னு சொல்லிட்டேன்க்கா. போன வருஷம் அந்த வெள்ளைக் காருக்கு பிஸ்டன் உருகினப்பவே ஊர்ல பாதிப் பேருக்கு என்மேலதான் சந்தேகம். திரும்பவும் என் எண்ணுதான் தப்புன்னா, எவன் என்கிட்ட வண்டி கொடுப்பான்?"

"அந்த வெள்ளைக் காருக்கு நான் என்ன சொன்னேன்?"

அவன் தரையைப் பார்த்தான்.

"சொல்லு. உன் தப்புக்கு நான் என்ன சொன்னேன்?"

"நீ கோத்ததுல தப்புன்னு சொன்ன."

"உன்னைக் காப்பாத்தச் சொன்னேன். அதையே நிஜமாக்கிடலாம்னு பார்த்தியா?"

"அப்படி இல்லக்கா. நீ பிரிச்சு மாட்டினதும் சத்தமில்லாம எண்ணைச் சரி பண்ணிடலாம்னு இருந்தேன். உன் கையால சரியான மாதிரி இருக்கும், உனக்கும் நல்ல பேர். வியாழக்கிழமை மாத்தியிருப்பேன், டாக்டர் லேப்டாப் பக்கத்துலயே நின்னுட்டாங்க. இன்னிக்கு மாத்தறதுக்குத்தான் சீக்கிரம் வந்தேன்."

சப்பைக்கட்டு என்றால் இதுதான். தான் செய்தது உபகாரம் என்று அவனே நம்ப ஆரம்பித்திருந்தான்.

"ரெண்டாவது தடவை மாட்டினதும் சரியாச்சுன்னா என்னடா அர்த்தம்? முதல் தடவை தப்பா மாட்டினேன்னு அர்த்தம். சாகற வரைக்கும் என் கைதான் தப்பு பண்ணிச்சுன்னு நினைச்சிட்டிருப்பேன். தெரியுமா தெரியாதா உனக்கு?"

அவன் கையிலிருந்த பல்குத்தும் குச்சியை இரண்டாக ஒடித்தான்.

"வியாழக்கிழமை போன் பண்ணினேனே. கை போச்சு, விட்டுடறேன்னு அழுதேனே. அப்ப உனக்கு என்ன தோணிச்சு? பூசி மெழுகாம சொல்லு."

பொய் சொல்லத் தெம்பில்லாதவனாக அவன் சொன்னான். "நிம்மதியா இருந்துச்சுக்கா."

அக்கா எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். "எண்ணை மாத்து," என்றாள். அவன் மாற்றினான், அவள் விளக்கை அடித்தாள். திரையில் பதினைந்து, கப்பியில் பதினைந்து. பதினோரு வருடத்தில் இவ்வளவு அமைதியாக அவர்கள் அந்த வேலையைச் செய்ததில்லை.

நான்கு மணிக்குப் பல் டாக்டர் வந்தார். காரை உருளைமேல் மிதித்தார்கள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். குழாய் கறுப்பாகவே நின்றது. எண்ணூற்று அறுபத்திரண்டு. இன்ஜின் பாய்ந்த பாய்ச்சலில் கட்டியிருந்த பட்டைகள் விறைத்தன. டாக்டர் முகம் மலர்ந்துவிட்டது.

"சொல்லுங்க, என்னதான் கோளாறு?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான். "பெல்ட்தான் டாக்டர். அக்கா மறுபடி பிரிச்சு மாட்டினதும் சரியாயிடுச்சு. ஆபரேஷன் ஆன கை இல்லையா, முதல் தடவை கொஞ்சம்..." என்று இழுத்துவிட்டு அக்காவைப் பார்த்தான். போன வருஷம் வெள்ளைக் கார்க்காரர் முன்னால் பார்த்த அதே பார்வை. அவள் விட்டுக்கொடுக்கமாட்டாள் என்று அவனுக்கு அவ்வளவு நிச்சயம்.

"பெல்ட் இல்ல டாக்டர்," என்றாள் அக்கா. "நான் கோத்ததுல முதல் நாள்லேர்ந்தே ஒரு தப்பும் இல்ல. பொறி நேரம் தப்பா வெச்சிருந்தது. வெச்சது இவன். செவ்வாக்கிழமையே இவனுக்குத் தெரியும். தெரிஞ்சே என்னை ரெண்டு தடவை பிரிக்க விட்டான்."

டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தம்பியின் காது சிவந்துவிட்டது.

"அக்கா, வெளி ஆள் முன்னாடி வெச்சு இப்படியா பேசறது?"

"இந்த வாரம் இந்தப் பட்டறையில என் கையைப் பத்தி என்கிட்ட பொய் சொல்லாதவங்க இவங்கதான். நீ உன் லேப்டாப்பை எடுத்துக்கோ."

அவன் நம்பவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். அவள் காரைக் கட்டியிருந்த பட்டைகளை அவிழ்க்கக் குனிந்துவிட்டாள். வலது கையாலேயே அவிழ்த்தாள். அவன் லேப்டாப்பை மடித்தான், வயர்களைச் சுருட்டினான், பையை மெதுவாக, ரொம்ப மெதுவாக மூடினான். யாரும் அவனைத் தடுக்கவில்லை. வாசல்வரை போய்த் திரும்பினான்.

"வரேன்க்கா," என்றான், தினமும் சொல்வது போலவே.

பதினோரு வருடமாக அதற்கு அவள், பார்த்துப் போயிட்டு வா, என்றுதான் சொல்லி அனுப்பியிருக்கிறாள். இன்று நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"போ," என்றாள்.